வீடியோ கேம் இசையும் வழிநூல் இலக்கணமும்

பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்தில் நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என மூன்றாகப் பகுப்பார். முன்னோர் நூலின் முடிபை ஒத்துக்கொண்டு, பின்னே வருகிறவன் தனக்கு வேண்டிய வேறுபாடுகளையும் சேர்த்து, மரபு அழியாமல் செய்வது வழிநூல் என்பது அவர் சொல்வதன் சாரம். 13ஆம் நூற்றாண்டில் சீயகங்கன் என்னும் சிற்றரசன் கேட்க ஒரு சமண முனிவர் இயற்றிய இந்த இலக்கணத்தை, ஜப்பானிய வீடியோ கேம் இசையைப் பியானோவுக்கு எழுதும் வேலையோடு பொருத்தலாமா என்றால் நம் சங்கத்துப் பெரியவர்கள் சிலர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பொருத்திப் பார்த்த பிறகுதான் எனக்கு விஷயமே பிடிபட்டது.

நான் பாத்திர வியாபாரி. சங்கீதம் முறையாகப் படித்தவனல்ல. பியானோ கற்கும் என் பேத்தி கொண்டுவந்த தாள்களை அவளுடைய ஆசிரியர் ஒருவர், "விளையாட்டுப் பாட்டெல்லாம் ஒரு பாட்டா?" என்று ஒதுக்கிவிட்டார். அந்தத் தாள்களை வைத்துத்தான் நான் மேற்கத்திய ஐந்து கோட்டு எழுத்தை எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகினேன். பாத்திரம் நல்லதா என்று தட்டிப் பார்த்துச் சொல்லிவிடலாம். இந்தத் தாளை எதைக் கொண்டு தட்டுவது? ஒரு பிள்ளையின் இரண்டு மூன்று வருஷ உழைப்பை இதில் போடலாமா? போடலாம் என்றால் எந்தத் தாளில்? இதுவே என் கேள்வி.

முதல்நூல் எப்படிப்பட்டது?

1983இல் நிண்டெண்டோ வெளியிட்ட ஃபேமிகாம் என்ற கருவியில் இசைக்கு ஐந்தே வழிகள். மெட்டுக்கு இரண்டு சதுர அலைகள், அடிச்சுரத்துக்கு ஒரு முக்கோண அலை, தாளத்துக்கு இரைச்சல் போன்ற ஓர் ஒலி, பதிவுசெய்த சிறு ஒலித்துணுக்குக்கு ஒன்று. சதுர அலையில் சத்தத்தைப் பதினாறு படியில் ஏற்றி இறக்கலாம்; முக்கோண அலைக்கு அந்த வசதியும் கிடையாது. ஒரு குரலில் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான். மூன்று சுரங்கள் சேர்ந்தொலிக்கும் மாயம் வேண்டுமானால் அவற்றை மின்னல் வேகத்தில் அடுத்தடுத்து ஒலிக்கச் செய்வார்கள்.

1985இல் சூப்பர் மரியோ பிரதர்ஸ் ஆட்டத்துக்குக் கோஜி கொண்டோ அமைத்த மெட்டு இந்தச் சிக்கனத்தில் பிறந்தது. 2023இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தன் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் அதைச் சேர்த்தது. வீடியோ கேம் இசையில் அந்த இடம் பெற்ற முதல் படைப்பு அது. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஆட்டத்தின் ஓசைகளும் இதே ஐந்து வழிகளில்தான் வரவேண்டும். பொம்மை குதித்தால் அந்தச் சத்தம் இசையின் ஒரு குரலைக் கணநேரம் பறித்துக்கொள்ளும். ஆகவே ஆடியவன் எவனும் அந்த மெட்டை முழுசாகக் கேட்டிருக்க மாட்டான். பியானோத் தாளில்தான் அது குறுக்கீடு இல்லாமல் நிற்கிறது. வழிநூலுக்கு இது ஒரு பெருமை.

இனி, நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் நான்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

குன்றக் கூறல்

தொடக்கக்காரர்களுக்கென்று கிடைக்கும் எளிய தாள்கள் பலவற்றில் வலக்கைக்கு மெட்டு, இடக்கைக்கு நாலு எண்ணிக்கைக்கு ஒரு சுரக்கூட்டு, அவ்வளவுதான். மரியோ மெட்டின் உயிரோ சுரம் தாளத்தின் மேல் விழாமல் சற்று முந்தியும் பிந்தியும் விழுவதில் இருக்கிறது. மூலத்தில் இரைச்சல் குரல் விடாமல் தட்டிக்கொண்டிருப்பதால் அந்தத் தாண்டல் காதுக்குத் தெரிகிறது. பியானோவில் தாளக்காரன் இல்லை. அவன் வேலையையும் இடக்கை ஏற்க வேண்டும். ஏற்காவிட்டால் சுரம் எல்லாம் சரியாக இருக்கும், மெட்டு மட்டும் படுத்துவிடும். எளிமைப்படுத்துவதில் தவறில்லை. ஆனால் குறைப்பதானால் மேலே உள்ள இரண்டாம் குரலைக் குறைக்கட்டும். நடையைத் தாங்கும் அடிக்குரலில் கை வைக்கக் கூடாது.

மிகைபடக் கூறல்

இதற்கு நேர் எதிரானது வித்தை காட்டும் தாள். மூன்று குரலில் நின்ற மெட்டுக்கு எண்பத்தெட்டு கட்டைகளையும் ஓடவிடுவார்கள். பெடலை மிதித்து எல்லாவற்றையும் கலங்கடிப்பார்கள். சதுர அலை இசையில் ஒவ்வொரு சுரமும் கத்தரித்தாற்போல் நிற்கும். அந்தத் துல்லியம் போனால் பின் என்ன மிச்சம்?

ஆனால் மூலமே பெரிதாக இருந்தால் கதை வேறு. நொபுவோ உவெமட்சு 1997இல் ஃபைனல் ஃபேண்டஸி ஏழாம் ஆட்டத்தின் இறுதிப் போருக்கு அமைத்த இசையில் இசைக்குழுவோடு பாடகர் கூட்டமும் உண்டு. லத்தீன் சொற்களுக்கு நடுவே பகைவனின் பெயரைக் கூவுவார்கள். 2003இல் வந்த அந்த ஆட்டத்தின் பியானோத் தொகுப்பில் இதுவும் இடம்பெற்றது. பியானோ பெயர் சொல்லாது; கூவலின் தாள அடியைத்தான் சொல்லும். இங்கே கனத்த சுரக்கூட்டுகளை அடுக்குவது மிகை ஆகாது, இழந்த சொல்லுக்கு ஈடு என்பேன். மிகையா ஈடா என்பதைத் தாளை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது, மூலத்தையும் பக்கத்தில் வைத்துக் கேட்க வேண்டும்.

உவெமட்சு யாரிடமும் முறையாகப் பயிலாமல் தானே இசை கற்றவர். தானே கற்றவன் என்ற முறையில் எனக்கு அவர்மேல் ஒரு பட்சபாதம் உண்டு. வாசகர்கள் அதைக் கழித்துக்கொண்டு படிக்கவும்.

கூறியது கூறல், சென்று தேய்ந்திறுதல்

இவ்விரண்டும் சேர்ந்தே வரும். ஆட்டத்தின் இசைக்கு முடிவு கிடையாது. ஆடுகிறவன் அந்தக் கட்டத்தைத் தாண்டும் வரை அது திரும்பத் திரும்பச் சுழலும். அங்கே அது குற்றமில்லை, கடமை. ஒலித்தட்டில் போடும்போது இரண்டு சுற்று விட்டு ஒலியைப் படிப்படியாகக் குறைத்து மறைப்பது வழக்கம். நன்னூலார் சொன்ன சென்று தேய்ந்திறுதலுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்குமா! பியானோக்காரனுக்கு அந்தத் திருகு இல்லை. அவன் முன்னே ஆட்டமும் ஓடவில்லை, கேட்பவர்கள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். ஆகவே இரண்டாம் சுற்றை வேறுபடுத்தியே ஆகவேண்டும். ஒரு முடிவையும் புதிதாக எழுதியே ஆகவேண்டும். பின்னோன் வேறுபாடு சேர்ப்பது இங்கே விருப்பம் அல்ல, கட்டாயம். மூலத்தில் உள்ளபடியே எழுதினேன் என்று பெருமை பேசும் தாள்கள் இந்த இடத்தில்தான் தோற்கின்றன.

அந்தப் புதுமையையும் மூலத்திலிருந்தே எடுக்க முடியும். மரியோ ஆட்டத்தில் மிச்ச நேரம் நூறைத் தொட்டதும் அதே மெட்டு வேகமெடுக்கும். கடைசிச் சுற்றை அப்படி வேகப்படுத்தி முடிக்கிறவன் வெளியிலிருந்து எதையும் கொண்டுவரவில்லை. ஆடியவனின் பதற்றத்தையே முடிவாக்குகிறான்.

மூலமே பியானோ என்றால்?

2001இல் வந்த ஃபைனல் ஃபேண்டஸி பத்தாம் ஆட்டம் தனிப் பியானோவில் வாசிக்கும் ஸனார்கண்ட் என்ற மெட்டோடு தொடங்குகிறது. அதுவும் உவெமட்சு அமைத்தது. 2002இல் அந்த ஆட்டத்துக்குப் பியானோத் தொகுப்பு வந்தபோது, ஆட்டத்தின் இசையமைப்பாளர்களில் ஒருவரான மசாஷி ஹமவுஸு எல்லாவற்றையும் திருத்தி எழுத, அகி குரோடா வாசித்தார். ஹமவுஸுவின் கை டெபுஸி, ராவெல் போன்ற பிரெஞ்சுக்காரர்களின் வழிவந்தது. சுரக்கூட்டின் நிறத்தில் அதற்கு நாட்டம் அதிகம். குழலுக்கும் தந்திக்கும் எழுதியதைப் பியானோவுக்கு மாற்றுகையில் அந்த நாட்டம் பெரிய லாபம். ஏற்கனவே பியானோவில் பிறந்ததற்கு அது அவ்வளவாகத் தேவைப்படவில்லை என்பது என் துணிபு. கற்பவர்கள் ஆட்டத்தில் உள்ள வடிவத்தை முதலில் வாசித்துவிட்டு இதற்கு வரலாம்.

எதற்கு இவ்வளவும்?

அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான ஆட்டங்களில் 87 விழுக்காடு இன்று கடையில் வாங்கக் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023இல் ஆய்வு வெளியிட்டது. கருவி பழுதாகும், சிப்பும் போய்விடும். காகிதம் நிற்கும். ஆனால் காகிதம் மட்டும் போதாது என்பதையும் நம் வரலாறு சொல்கிறது. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது ஏடுகள் அவர் கையில் இருந்தன. ஆனாலும் சமணக் கருத்துகளின் பொருள் விளங்கக் கும்பகோணத்துச் சமணர்களிடம் போய்க் கேட்க வேண்டியிருந்தது. அங்கே அதை விடாமல் படித்துவந்தவர்கள் இருந்தார்கள். இசைக்கும் அப்படியே. வாசிக்கிற விரல் இருந்தால்தான் தாள் பேசும்.

டெட்ரிஸ் ஆட்டம் 1989இல் கேம்பாய் கருவியில் வந்தபோது அதில் ஒலித்தது கொரோபெய்னிகி என்ற ரஷ்ய நாட்டுப்பாடல். நெக்ராசோவ் 1861இல் எழுதிய கவிதையிலிருந்து பிறந்தது. பெட்டி சுமந்து ஊர் ஊராகச் சரக்கு விற்கும் வியாபாரியைப் பற்றியது. கவிஞன் வாயிலிருந்து ஜனங்கள் வாய்க்கும், அங்கிருந்து கேம்பாய்க்கும், இப்போது பியானோத் தாளுக்கும் அது வந்திருக்கிறது. விளையாட்டுப் பாட்டு என்று ஒதுக்குகிறவர்கள் இந்த வழித்தடத்தை ஒருமுறை நினைத்துப் பார்க்கவேண்டும்.

ஆகையால் பிள்ளைகளுக்குத் தாள் வாங்குகிறவர்கள் மூன்று விஷயம் பார்த்தால் போதும்: அடிக்குரல் உயிரோடு இருக்கிறதா, சேர்த்தவை மூலம் இழந்ததற்கு ஈடாக நிற்கின்றனவா, எழுதியவர் பாட்டை ஒழுங்காக முடித்திருக்கிறாரா. மூன்றும் தேறினால் தாராளமாக வாங்கலாம்.