அறிந்து செல்வோரின் கடன்

மசினகுடிக்குப் பணியேற்க வரும் ஆசிரியரோ வனத்துறை அலுவலரோ நீலகிரிப் பழங்குடிகளின் சமய வாழ்வை முன்கூட்டியே படித்துவர விரும்பினால், மேற்கோள்களின் வழியே அவர் விரைவில் சென்றடையும் நூல், டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் 1906இல் வெளியிட்ட ‘தி தோடாஸ்’. எருமைப் பால்மனைச் சடங்குகளையும் வம்சாவளிகளையும் அது பதிவு செய்துள்ள நுணுக்கத்தை எவரும் மறுப்பதற்கில்லை. ஆயினும், பிறர் சமயத்தை அறிந்து பணிக்குச் செல்லும் கல்விக்கு அதனைப் பாடநூலாகக் கொள்ளலாமா?

ரிவர்ஸ் சில மாதங்களே தோடரிடையே தங்கினார். மொழிபெயர்ப்பாளரை நம்பியே வினவினார். நூலின் முகப்பில் அவர் ஒளிக்காமல் குறிப்பிடும் நிகழ்ச்சி ஒன்றுண்டு. சமய இரகசியங்களைச் சொன்னவர்களுள் ஒருவர் நோயுற்றார். ஒருவரின் மனைவி இறந்தார். இன்னொருவரின் பால்மனை தீக்கிரையாயிற்று. அந்நியரிடம் மறைபொருளை வெளியிட்டதால் விளைந்த தெய்வக் கோபம் இது என்றனர் குறிசொல்வோர். அதன்பின் பலர் வாய்திறக்கவில்லை. ரிவர்ஸ் இதனை ஆய்வுக்கு நேர்ந்த தடையாகவே கொள்கிறார். சொன்னவர்கள் கொடுத்த விலையாக அவர் அதனைக் கருதவில்லை என்பதே நூலின் பெருங்குறை.

மற்றொரு குறை மசினகுடிக்கு நெருக்கமானது. ஊரைச் சுற்றியுள்ள சீகூர்ப் பீடபூமியில் வாழ்வோர் இருளரும் குறும்பரும். தோடர் மலைமேல் வாழ்பவர். ரிவர்ஸின் பக்கங்களில் குறும்பர் பெரிதும் தோடரின் அச்சத்தின் வழியே, சூனியக்காரராகத் தென்படுகின்றனர். இந்நூலை மட்டும் படித்து வந்த ஆசிரியர், தம் வகுப்பில் அமர்ந்திருக்கும் குறும்பச் சிறுவனை எவ்வாறு நோக்குவார்?

இங்கு அல்பிரூனியை நினையாதிருக்க இயலாது. 1017இல் கஸ்னாவுக்குக் கொண்டு செல்லப்பட்ட அப்பேரறிஞர், சமஸ்கிருதம் கற்று, 1030ஐ ஒட்டி ‘கிதாபுல் ஹிந்த்’ நூலை நிறைவு செய்தார். அவரும் பெரும்பாலும் பண்டிதர் வழியாகவே இந்தியரை அறிந்தார். அந்த வரம்பு அவருக்கும் உண்டு. எனினும் முதல் இயலிலேயே, மஹ்மூதின் படையெடுப்புகளால் இந்நாட்டு அறிவுத்துறைகள் தொலைவிடங்களுக்குப் பின்வாங்கின என்றும், அதனால் பகைமை வளர்ந்தது என்றும் எழுதிவிடுகிறார். தம்மை ஆதரித்த அரசின் செயலே தம் கல்விக்குத் தடையானது என்று அவ்வரசின் கீழிருந்தே எழுதினார். ரிவர்ஸைப் பாடமாக வைப்போர் அந்த இயலையும் சேர்த்து வைக்கட்டும். குறும்பரைப் பற்றிய பகுதி வரும்போது நூலை மூடிவிட்டு, சீகூர்ப் பக்கம் சென்று அவர்களிடமே கேட்கட்டும். அவர்கள் சொல்ல மறுத்தால் திரும்பி வரட்டும்.