மன உறுதியைப் புகழ்ந்தது போதும்

2024 ஜூலை 25 அன்று, பாரிஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவுக்கு முந்தைய நாள், தென்கொரியப் பெண்கள் ஹேண்ட்பால் அணி ஜெர்மனியை 23-22 என்று வென்றது. பின்தங்கியிருந்து மீண்டு வந்து பெற்ற வெற்றி. உடனே பழைய பல்லவி தொடங்கிவிட்டது: கொரியப் பெண்களின் மன உறுதிக்கு ஈடில்லை, உயரத்தையும் எடையையும் அவர்கள் நெஞ்சுரத்தால் வெல்கிறார்கள். அடுத்து ஸ்லோவேனியா, நார்வே, ஸ்வீடன், டென்மார்க் என்று நான்கு அணிகளிடம் வரிசையாகத் தோற்று, பிரிவுச் சுற்றோடு ஊர் திரும்பியது அணி. அப்போதும் பல்லவி நிற்கவில்லை. 'கடைசிவரை போராடினார்கள்' என்று சுருதி மட்டும் மாறியது. இந்தப் புகழ்ச்சிதான் அந்த அணிக்கு நேர்ந்த பெரிய கேடு என்பது என் நெடுநாள் எண்ணம்.

பெருமை இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. 1984 முதல் 2024 வரை தொடர்ந்து 11 ஒலிம்பிக்கிலும் ஆடிய பெண்கள் ஹேண்ட்பால் அணி உலகில் இது ஒன்றுதான். 1988 சோலிலும் 1992 பார்சிலோனாவிலும் தங்கம். 1995இல் உலகக் கோப்பை. ஐரோப்பாவுக்கு வெளியே அதை வென்ற முதல் நாடு. பாரிஸுக்குக் கொரியா அனுப்பிய ஒரே பந்தாட்ட அணியும் இதுவே. ஆறு மீட்டர் கோட்டுக்கு முன்னால் ஏறி வந்து மறிக்கும் தடுப்பு, பந்து கைமாறிய கணமே எதிர்க்கோலை நோக்கிப் பாயும் ஓட்டம், தோளுக்கு வேலை வைக்காமல் மணிக்கட்டாலேயே எறியும் கோல்கள்: உயரமானவர்களை வேகத்தால் திணறடிக்க முடியும் என்று காட்டியவர்கள் இவர்கள். இதெல்லாம் ஆட்டநுட்பம். ஆண்டுக்கணக்கில் பழகிப் பழகிக் கைவந்த கலை.

ஆனால் இந்தக் கலை வளர்ந்த விதத்தில்தான் ஓட்டை இருக்கிறது. ஒரு சிலரைப் பொறுக்கியெடுத்து, தேசியப் பயிற்சிக் கிராமத்தில் மாதக்கணக்காக முகாமில் வைத்து, ஒலிம்பிக்கைக் குறிவைத்து வார்த்தெடுப்பது கொரிய வழி. முகாமில் வார்த்த அணிக்கு ஒருங்கிணைப்பு வரும்; கண்ணை மூடிக்கொண்டு பந்து கொடுக்கலாம். அந்த முகாமுக்கு ஆள் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. நாட்டுக்கு ஓர் அணி இருந்தது. அந்த அணிக்குப் பின்னால் ஓர் ஆட்டம் இல்லை.

2004 ஏதென்ஸ் இறுதியாட்டத்தை நினைத்துப் பாருங்கள். டென்மார்க்குக்கு எதிராக ஆட்ட நேரம் முடிந்தும் சமன், முதல் கூடுதல் நேரத்திலும் சமன், இரண்டாவதிலும் 34-34. ஏழு மீட்டர் தண்டனை எறிதல்களில் 4-2 என்று டென்மார்க் வென்றது. அந்தக் கொரிய அணியின் தூண்களில் ஒருவரான இம் ஓ-க்யோங், ஜப்பானின் ஹிரோஷிமாவில் ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் பிழைத்துக்கொண்டிருந்தவர். அவரைத் திரும்ப அழைத்துத்தான் இறுதிவரை வர முடிந்தது. இந்தக் கதையை இயக்குநர் யிம் சூன்-ரே 2008இல் படமாக எடுத்தார், கொரியாவே அழுதது. நல்ல படம். ஆனால் அழுதவர்கள் அரங்கிலிருந்து வெளியே வந்து எத்தனை லீக் ஆட்டங்களுக்கு டிக்கெட் வாங்கினார்கள்? தியாகத்தை நேசித்தவர்கள் ஆட்டத்தை நேசிக்கவில்லை.

படம் வந்த அதே 2008இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வெண்கலத்துக்கான ஆட்டம். ஹங்கேரிக்கு எதிராக வெற்றி உறுதியாகிவிட்டது. மணி அடிக்க ஒரு நிமிடமே பாக்கி. பயிற்சியாளர் லிம் யங்-சுல் டைம்-அவுட் கேட்கிறார். உத்தி சொல்ல அவரிடம் எதுவும் இல்லை. இளையவர்களைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, மூத்தவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் களத்துக்கு அனுப்புகிறார்: இது அவர்களுடைய கடைசி ஒலிம்பிக், கடைசி நிமிடம் அவர்களுக்குச் சேரட்டும் என்று. 33-28. கொரிய விளையாட்டு வரலாற்றில் இதைவிட நெகிழ்ச்சியான நிமிடம் குறைவு. ஆனால் அந்த மூத்தவர்களில் ஒருவரான ஓ சியோங்-ஓக் 1992 பார்சிலோனாவில் தொடங்கியவர். பதினாறு ஆண்டுகள், ஐந்து ஒலிம்பிக். ஒரு நாட்டின் பாரம் இவ்வளவு காலம் அதே தோள்களில் இருந்ததென்றால், அதைக் கண்டு நெகிழ்வதோடு நின்றுவிடலாமா? மாற்றுத் தோள் ஏன் இல்லை என்று கேட்டிருக்க வேண்டாமா?

கேட்காததன் விலை 2016 ரியோவில் தெரிந்தது. நாற்பது வயதைக் கடந்த கோல்கீப்பர் ஓ யோங்-ரானை மறுபடி அழைத்து வந்தார்கள். நெதர்லாந்துக்கு எதிராகக் கடைசி நொடியில் வந்த ஏழு மீட்டர் எறிதலை அவர் தடுத்தார். ஆட்டம் 32-32 என்று சமனானது. பத்திரிகைகள் கொண்டாடின. அணியோ பிரிவுச் சுற்றைத் தாண்டவில்லை. அதன் ஒலிம்பிக் வரலாற்றிலேயே அதுதான் முதல் முறை. 1996இல் முதல் ஒலிம்பிக் ஆடியவர் 2016இலும் காப்பாற்ற வேண்டியிருந்ததை வீரம் என்று எழுதியவர்கள், அது ஒரு நிர்வாகத்தின் தோல்வி என்று எழுதத் தயங்கினார்கள்.

'கொரியாவில் இது ஆதரவில்லாத ஆட்டம், இருப்பதை வைத்து இவ்வளவு செய்தார்களே' என்பது வழக்கமான வாதம். இந்த வாதத்தை நான் ஏற்கவே மாட்டேன். நார்வேயின் மக்கள்தொகை கொரியாவின் பத்தில் ஒரு பங்குதான். அங்கே ஹேண்ட்பால் கூட்டமைப்பில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட உறுப்பினர்கள், பெரும்பாலானோர் பெண்கள். சிற்றூர்களில்கூட கிளப் உண்டு. மாலையில் பிள்ளைகள் ஆடுவார்கள், பெற்றோர் பயிற்சி கொடுப்பார்கள். அதனால்தான் அங்கே ஒரு தலைமுறை ஓய்வு பெறும்போது யாரும் பதறுவதில்லை. கொரியாவின் பெண்கள் அணிகளில் பெரும்பாலானவை நகராட்சிகளும் பொது நிறுவனங்களும் சம்பளம் கொடுத்து நடத்துபவை. 2011இல் அரங்கம் கட்டிக்கொடுத்த எஸ்கே குழுமத்தின் உதவியும், 2023இல் தொடங்கிய எச் லீக்கும் நல்லவையே. ஆனால் இவையெல்லாம் மேலிருந்து ஊற்றும் தண்ணீர். பள்ளி முடிந்து வீரராக ஆகப்போவதில்லை என்று தெரிந்தும் ஆசைக்கு ஆடும் பெண்ணுக்கு அங்கே இடம் இல்லை. ஆயிரம் பேர் ஆசைக்கு ஆடினால்தான் அவர்களில் பத்துப் பேர் நாட்டுக்கு ஆடுவார்கள்.

ஆசியாவில் இருந்த பிடியும் தளர்ந்துவிட்டது. 2023 ஹாங்ஜோ ஆசிய விளையாட்டு இறுதியில் ஜப்பான் 29-19 என்று கொரியாவை வீழ்த்தியது. பத்து கோல் வித்தியாசத்தை எந்த மன உறுதியும் மறைக்காது. 2024 டிசம்பரில் டெல்லியில் நடந்த ஆசிய சாம்பியன்ஷிப்பிலும் ஜப்பானே 25-24 என்று வென்றது. அதற்கு முன் ஆறு முறை தொடர்ச்சியாகப் பட்டம் கொரியாவிடம் இருந்தது. ஐரோப்பாவுக்குப் போய் ஆடி, 2024இல் ஹங்கேரியின் ஜியோர் கிளப்போடு சாம்பியன்ஸ் லீக் வென்ற ரியூ யுன்-ஹீ போன்றவர்கள் கொரியாவில் விதிவிலக்கு. விதிவிலக்குகளை வைத்து அணி கட்ட முடியாது.

தோற்ற பெண்களை நான் குறை சொல்லவில்லை. அவர்களிடம் இருந்ததையெல்லாம் கொடுத்துவிட்டார்கள். வாங்கியவர்கள்தான் திருப்பிக் கொடுக்கவில்லை. அவர்களைப் பற்றி எழுதுபவர்கள் இனி கண்ணீரை விட்டுவிட்டுக் கணக்குக் கேட்கட்டும்: எத்தனை பள்ளிகளில் பெண்கள் அணி இருக்கிறது, எத்தனை ஊரில் கிளப் இருக்கிறது, பதினைந்து வயதில் ஆட்டத்தை விடும் பெண் ஏன் விடுகிறாள். அந்தக் கேள்விகளுக்குப் பதில் வாங்காமல் மன உறுதியை மட்டும் புகழ்கிறவர், அந்த அணியைக் கைவிட்டவர்களின் பக்கமே நிற்கிறார்.