கர்பி விளையாட்டுகளில் எளிமை

எளிதில் வெல்லக்கூடிய விளையாட்டு ஆழமற்றது என்பர் சிலர். ஜப்பானிய ஹால் லேபரட்டரி நிறுவனத்தார் ஆக்கிய ‘கர்பி’ என்னும் வீடியோ விளையாட்டு வரிசையில் பழையனவும் புதியதும் ஆடிப் பார்த்த நமக்கு அக்கூற்று உடன்பாடன்று.

மசாஹிரோ சக்குராய் இயக்க, 1992இல் வெளிவந்த முதல் விளையாட்டு தொடக்கநிலையினர்க்கென்றே அமைந்தது. உருண்டை வடிவினனாகிய கர்பி காற்றை உட்கொண்டு வேண்டுமளவு பறப்பான். பள்ளமும் பகையும் பெரும்பாலும் அவனைத் தடுப்பதில்லை.

அங்ஙனமாயின் அனைத்தையும் பறந்தே கடக்கலாமே, ஆடுதற்கு யாதுளது எனின், 1993இல் வந்த ‘கர்பிஸ் அட்வென்சர்’ விடை கூறும். விழுங்கிய பகைவனின் ஆற்றலை இதில் கர்பி தனதாக்கிக் கொள்கிறான். வாளேந்தியவனை விழுங்கின் வாள் கிட்டும். தீயுமிழ்வோனை விழுங்கின் தீ கிட்டும். ஆதலின், தப்பிப் பறக்க வல்லவன் தானே விரும்பி இறங்கிப் பகைவனை நாடுகிறான். அச்சம் செய்விக்காததை ஆவல் செய்விக்கின்றது.

2022இல் வந்த ‘கர்பி அண்ட் த ஃபர்காட்டன் லேண்ட்’ முப்பரிமாண உலகில் நிகழ்வது. காரையே கவ்விக்கொண்டு ஓடும் புதுமை இனிதே. ஆயின் பறத்தலுக்கு இங்கு எல்லை உண்டு. எளிய முறை, கடிய முறை என இரண்டனுள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கடியதை ஆடுவார்க்கே நாணயங்கள் மிகுதி. முன்னவை எல்லார்க்கும் ஒரே வானத்தைத் தந்தன; இஃது ஆடுவோரை வாயிலிலேயே இரு கூறாக்குகிறது.

இவ்வரிசையின் உயிர்நாடி எளிமையே என்க. புதியதன்கண் நாம் காணும் குறை, அவ்வெளிமைக்கு அதனை ஆக்கியோரே விலை குறைத்தமையால் நேர்ந்ததாம்.