தகிட விழும் கோடுகள்

மேலநீலிதநல்லூரைச் சுற்றியுள்ள கரிசல் ஊர்களில் கோயில் கொடை நடக்கும்போது, நையாண்டி மேளத்தைச் சுற்றி நிற்கிற இளவட்டங்கள் பலர் கையில் போன் பதிவுசெய்துகொண்டே இருக்கும். அந்தப் பதிவுகள் ஒரு நாள் வாட்ஸப் ஸ்டேட்டஸில் இருந்துவிட்டு மறைந்துபோகின்றன. அவற்றில் ஒன்றை எடுத்து, உலகத்தில் யாரும் விசைப்பலகையில் வாசித்துப் பார்க்கக்கூடிய ஒரு ஆட்டமாக மாற்ற முடியும். அதற்குக் கம்ப்யூட்டர் ஒன்றும் பொறுமையான காதும் இருந்தால் போதும்.

‘ஓசு’ என்ற இலவசத் தாள விளையாட்டை 2007இல் ஆஸ்திரேலியாவின் டீன் ஹெர்பர்ட் வெளியிட்டார். அதில் ஆடக் கிடைக்கும் மேப்கள், அதாவது ஒரு பாட்டுக்கு எந்தக் கணத்தில் எந்த அடி என்று எழுதிய வரைபடங்கள், அனேகமாக ஆடுபவர்களே செய்தவை. செய்வதற்கான எடிட்டரும் விளையாட்டுக்குள்ளேயே இருக்கிறது. அதன் பல ஆட்டமுறைகளில் டைக்கோ ஒன்று. நாம்கோ நிறுவனம் 2001இல் ஆர்கேட் கூடங்களுக்குக் கொண்டுவந்த ஜப்பானிய முரசு ஆட்டத்தின் வழியில் வந்தது. அதில் இரண்டே வகை அடி: சிவப்பு வட்டம் வந்தால் முரசின் நடுவில், நீலம் வந்தால் விளிம்பில்.

தவில் கேட்டு வளர்ந்தவருக்கு இதைவிடப் பொருத்தமான வாசல் கிடைக்காது. தொப்பி என்ற முகத்தில் கோல், வலந்தலை என்ற முகத்தில் கூடு மாட்டிய விரல்கள் என்று தவிலுக்கும் இரண்டு குரல். கனத்த தொப்பி அடியைச் சிவப்பிலும், வெட்டி விழுகிற வலந்தலை அடியை நீலத்திலும் எழுதலாம்.

முதல் வேலை வேகத்தைக் கண்டுபிடிப்பது. பாட்டை ஓடவிட்டு, தாளத்துக்கு ஏற்ப டி விசையைத் தட்டினால் நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்று எடிட்டர் சொல்லும். முதல் தட்டு எந்த மில்லிசெகண்டில் விழுகிறது என்பதையும் குறிக்க வேண்டும். அதற்குப் பெயர் ஆஃப்செட். புதியவர்கள் இதை அவசரமாகக் கடந்து வட்டம் போட ஓடுகிறார்கள். ஆஃப்செட் தவறிய மேப்பில் எவ்வளவு அழகாக அடுக்கினாலும் ஒன்றும் பாட்டோடு ஒட்டாது.

அடுத்ததுதான் நம் மேளத்துக்கே உரிய கட்டம். எடிட்டர் வழக்கமாக ஒரு தட்டை நான்காகப் பிரித்துக் கோடு போட்டு வைத்திருக்கும். நையாண்டி மேளமோ பெரும்பாலும் திஸ்ர நடையில் ஓடுவது. தகிட தகிட என்று தட்டுக்கு மூன்று. நிமிடத்துக்கு 150 தட்டு என்றால் ஒரு தட்டு 400 மில்லிசெகண்ட். மூன்றாகப் பிரித்தால் ‘கி’ விழுவது 133ஆம் மில்லிசெகண்டில். நான்காகப் பிரித்த முதல் கோடு இருப்பது 100இல். 33 மில்லிசெகண்ட் முந்திவிடுகிறது. டைக்கோவில் துல்லிய அளவை 6 என்று வைத்தால், முழு மதிப்பெண்ணுக்கு இருபுறமும் 32 மில்லிசெகண்ட்தான் இடம். மேளத்தைச் சரியாகக் கேட்டு அடிக்கிறவருக்கு மதிப்பெண் குறையும். தப்பான கோட்டை நம்பியவருக்குக் கிடைக்கும்! பிரிவை 3க்கு மாற்றினால் தீர்ந்தது. உருட்டி வாசிக்கும் இடங்களில் 6 வேண்டியிருக்கும். கண்ட நடைக்கு 5, மிஸ்ர நடைக்கு 7 என்றும் இப்போதைய எடிட்டரில் பிரித்துக்கொள்ளலாம்.

இன்னொரு சிக்கல் உண்டு. ஸ்டுடியோப் பாட்டுக்கு ஒரே வேகம். கொடை மேளத்துக்கு அப்படியில்லை. கரகாட்டக்காரி சுற்ற ஆரம்பித்தால் தவிலும் கூடவே ஏறும். 150இல் தொடங்கியது 152 ஆனால்கூடத் தட்டுக்கு 5 மில்லிசெகண்டுக்கு மேல் நழுவுகிறது. எட்டுத் தட்டில் 42. ஆகவே வேகம் ஏறும் இடமெல்லாம் எடிட்டரின் காலக்கோட்டில் ஒரு சிவப்புக் கோடு நட்டு, வேகத்தைப் புதிதாகக் குறிக்க வேண்டும். இது சலிப்பான வேலைதான். ஆனால் கால் வேகத்தில் ஓடவிட்டு ஒவ்வொரு அடியாகக் கேட்கும்போது, தவில்காரர் ஆட்டக்காரியின் காலைப் பார்த்து எந்த இடத்தில் இறுக்குகிறார் என்பது பிடிபடும். கூட்டத்தில் நின்று கேட்டவருக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

இனி வட்டங்கள். காதில் விழும் எல்லா அடிக்கும் வட்டம் போடுவது ஆரம்பகால ஆசை. நாகசுரம், பம்பை, இரண்டு தவில் எல்லாவற்றையும் எழுதினால் ஆடுபவர் எதைப் பின்தொடர்வது? ஒரு பகுதிக்கு ஒரு வாத்தியம் என்று பிடித்துக்கொள்வதே நல்ல மேப். பல்லவி போல மெட்டு திரும்பும் இடங்களில் பம்பையோடு போகலாம். நாகசுரம் நிறுத்தி மூச்சு வாங்கும்போது தவிலுக்குத் தாவலாம்.

உச்சம், வாசிப்பை முடித்துவைக்கும் தீர்மானத்தில் இருக்கிறது. ஒரே கோவை மூன்று முறை வந்து விழும். மூன்றையும் ஒரே நிற வரிசையில் எழுத வேண்டும்: முதல் முறை ஆடுபவர் தடுமாறுவார், இரண்டாவதில் அடையாளம் காண்பார், மூன்றாவதைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே விரல் எதிர்பார்த்து நிற்கும். கடைசி அடிக்குப் பெரிய வட்டம். இரண்டு விசையும் சேர்த்து அடிக்கும் வட்டம் அது. ஒவ்வொரு முறையும் நிறத்தை மாற்றி வித்தை காட்டும் மேப்கள் கடினமாக இருக்கலாம், ஆனால் மேளத்தின் உள்ளிருக்கும் கட்டுமானத்தை அவை கலைத்துவிடுகின்றன.

இதே பகுதியின் வில்லுப்பாட்டு இன்னும் நுட்பமானது. சத்திரம் புதுக்குளத்தில் பிறந்து 2021இல் பத்மஸ்ரீ பெற்ற சுப்பு ஆறுமுகம் போன்றவர்கள் நடத்திய கதையில், பேச்சும் பாட்டும் மாறி மாறி வரும். வீசுகோல் வில்லில் விழுவதற்குச் சிவப்பு, குடத்துக்கு நீலம், பேச்சுக்கு வெறும் இடம் என்று வைத்துப் பார்க்கத் தகுந்தது. முதல் முயற்சிக்கு வேண்டாம், மேளமே போதும்.

பதிவு செய்யும்போது போனைத் தவிலுக்கு நேர் எதிரே நீட்டினால் ஒலி உடையும். பத்தடி தள்ளி, பக்கவாட்டில் நிற்பது நல்லது. ஒரு நிமிடப் பதிவு தாராளம். மேளக்காரர்களிடம் கேட்டு, அவர்கள் பெயரைக் கலைஞர் பெயர் இடத்தில் எழுதுவது முறை. ஓசுவில் அதிகாரபூர்வத் தரவரிசைக்குப் போக மேப்களைப் பரிந்துரைக்கும் பொறுப்பிலுள்ள இருவரின் ஒப்புதல் தேவை. அதற்கு முன் மேப்பை ஓடவிட்டு, வாசித்த தவில்காரரிடம் காட்ட வேண்டும். தொப்பி அடி நீலத்தில் வந்திருந்தால் அவர் இரண்டு ஆவர்த்தனத்துக்குள் சொல்லிவிடுவார்.