177 பேர், ஒரு வாசற்படி: ஹிப் ஹாப் இதழின் அட்டையை வாசிப்போம்

“எழுத்துப் பெரிதாக உள்ளது. நிறம் கவர்ச்சியாக உள்ளது. படம் வாசகரை ஈர்க்கிறது.”

இதழ்ப் பக்கம் ஒன்றின் வடிவமைப்பைத் திறனாயச் சொன்னால், பெரும்பாலான விடைத்தாள்களில் இந்த மூன்று வாக்கியங்களைத்தான் பார்க்கிறோம். தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் ஒட்டியிருக்கும் தீபாவளி மலிவு விற்பனைச் சுவரொட்டிக்கும் இதையே எழுதலாம், இல்லையா? எல்லாவற்றுக்கும் பொருந்துகிற விடைக்கு எந்த ஆசிரியர் முழுப் புள்ளி கொடுப்பார்?

மாணவர்களே, வேறு கேள்வியோடு தொடங்குங்கள்: இந்தப் பக்கம் எதை நம்பச் சொல்கிறது? நீங்கள் விரும்பிக் கேட்கும் ஹிப் ஹாப்பிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன்.

1998 செப்டம்பர் 29. நியூயார்க், ஹார்லெம், கிழக்கு 126ஆம் தெரு. ‘எக்ஸ்எக்ஸ்எல்’ என்னும் ஹிப் ஹாப் இதழ் அழைத்ததால் 177 கலைஞர்கள் அங்கே கூடினார்கள். படம் எடுத்தவர் கார்டன் பார்க்ஸ். அப்போது அவருக்கு வயது 85. அத்தனை பேரையும் சாதாரண அட்டையில் அடக்க முடியுமா? அதனால் விரித்துப் பார்க்கும் மடிப்பு அட்டையாக அது வந்தது. இணையத்தில் படத்தைத் தேடி, பக்கத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில் இடம். 1958 ஆகஸ்டு 12 அன்று ஆர்ட் கேன் என்பவர் ‘எஸ்குவயர்’ இதழுக்காக 57 ஜாஸ் இசைக்கலைஞர்களை இதே வீட்டு வாசலில் நிற்க வைத்துப் படம் எடுத்தார். 40 ஆண்டு கழித்து ஹிப் ஹாப் கலைஞர்கள் அங்கேயே வந்து நிற்கிறார்கள். ‘இது தெருவில் போடும் கூச்சல், இசையே இல்லை’ என்று சொன்னவர்களுக்குப் பதில் அந்த வாசற்படிதான். ‘நாங்கள் இவர்களுடைய வாரிசுகள்’ என்று ஒரு சொல்கூட எழுதாமல் படம் சொல்லிவிடுகிறது.

அடுத்து நிறம். 1998இல் வண்ணப் படம் சாதாரண விஷயம். அப்படியிருந்தும் கறுப்பு வெள்ளை. ஏன்? பழைய படத்தின் பக்கத்தில் வைத்தால் இரண்டும் ஒரே குடும்பப் படம் மாதிரித் தெரியணும். ‘நிறம் கவர்ச்சியாக உள்ளது’ என்ற வாக்கியம் இங்கே எடுபடாது, பாருங்கள்.

மூன்றாவது, வரிசை. நம் பள்ளி ஆண்டு மலரில் வரும் வகுப்புப் படத்தை நினைத்துப் பாருங்கள். நடு நாற்காலியில் தலைமையாசிரியர், இரண்டு பக்கமும் ஆசிரியர்கள், உயரமானவர்கள் பின்னால். யார் முக்கியம் என்பதை நாற்காலியே சொல்லிவிடும். இந்தப் படத்தில் அந்த நடு நாற்காலி இல்லை. கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ், ரக்கீம் போன்ற முன்னோடிகளும் கூட்டத்தில் ஒருவராகத்தான் நிற்கிறார்கள். முகத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இதன் கனம் புரிய வேண்டுமென்றால் காலத்தைப் பார்க்கணும். 1996 செப்டம்பரில் டூபாக் ஷகூர் சுடப்பட்டு இறந்தார். 1997 மார்ச்சில் நொடோரியஸ் பி.ஐ.ஜி. கொல்லப்பட்டார். அமெரிக்காவின் கிழக்குக் கரை, மேற்குக் கரை என்று பேசப்பட்ட பகை எல்லாருக்கும் நினைவில் இருந்த நேரம். அந்தச் சூழலில் ‘யாரும் நடுவில் இல்லை, எல்லாரும் ஒரே படியில்’ என்று காட்டுவது அழகுக்காகச் செய்த ஏற்பாடு மட்டும்தானா? மடிப்பும் அதற்குத் துணை செய்கிறது. மடித்த அட்டையில் ஒரு சிலர்தான் தெரிவார்கள். விரிக்க விரிக்கக் கூட்டம் வளர்கிறது. அந்த ஒற்றுமையை வாசகரின் கையே திறந்து பார்க்கிறது.

குறையே இல்லையா? இருக்கிறது. 1958 படத்தில் 57 பேரில் பெண்கள் மூவர்தான். 1998 படத்திலும் பெண்கள் மிகக் குறைவு. ‘எல்லாரும்’ என்று சொல்லும் படத்தில் யார் இல்லை என்றும் கேளுங்கள். திறனாய்வு என்றால் பாராட்டு மட்டும் இல்லை.

விடையில் இதை எப்படி எழுதுவது? சான்று, உத்தி, கருத்து என்று மூன்று படியாகப் போங்கள்: “கலைஞர்கள் பழைய ஜாஸ் படம் எடுக்கப்பட்ட அதே வாசலில் நிற்கின்றனர் (சான்று). இடத்தையும் கறுப்பு வெள்ளை நிறத்தையும் வடிவமைப்பாளர் திரும்பப் பயன்படுத்தியுள்ளார் (உத்தி). இதனால் ஹிப் ஹாப் ஒரு நீண்ட மரபின் தொடர்ச்சி என்ற எண்ணம் வாசகர் மனத்தில் உருவாகிறது (கருத்து).”

இனி நம் ஊருக்கு வருவோம். 2006இல் யோகி பி & நட்சத்திரா ‘வல்லவன்’ தொகுப்பை வெளியிட்டார்கள். அதிலுள்ள ‘மடை திறந்து’, 1980இல் வந்த ‘நிழல்கள்’ படத்துக்கு இளையராஜா இசையமைத்த பாடலை அடித்தளமாக வைத்து எழுந்தது. ஹார்லெம் படம் கண்ணுக்குச் செய்ததை இந்தப் பாட்டு காதுக்குச் செய்தது. பழைய வாசலில் புதியவர்கள் வந்து நின்றார்கள்.

ஆசிரியர்களே, வகுப்பில் இந்தப் பயிற்சியைக் கொடுத்துப் பாருங்கள். மலேசியத் தமிழ் ஹிப் ஹாப் பற்றிப் பள்ளி மலரில் இரண்டு பக்கம் வருகிறது. கலைஞர்களை எந்த இடத்தில் நிறுத்திப் படம் எடுப்பீர்கள்? பத்துமலையின் 272 படிகள் என்று உடனே பதில் வரும். அது சுற்றுலா விளம்பரம் ஆகிவிடாதா என்று கேளுங்கள். பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே ஊழியர் குடும்பங்கள் வாழ்ந்த ‘நூறு குவார்ட்டர்ஸ்’ என்று இன்னொரு மாணவர் சொல்லலாம். நூறாண்டுக்கு மேல் நின்ற அந்த வீடுகள் இடிக்கப்பட்டுவிட்டன. நிற்க வைக்க வாசல் இல்லை. அப்படியானால் எந்த இடம்? தலைப்பு தமிழ் எழுத்திலா, ரோமன் எழுத்திலா? நடுவில் யார்? யார் விடுபட்டார்கள்?

ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு காரணம் எழுதச் சொல்லுங்கள். ‘அழகாக இருக்கும்’ என்பதை மட்டும் காரணமாக ஏற்றுக்கொள்ளாதீர்கள்.