செய்தியின் சான்றும் கதையின் சான்றும்

நம்பத்தகாதவன் ஒரு செய்தியுடன் வந்தால் அதைத் தீர விசாரித்தறியுமாறு அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆவது வசனம் பணிக்கிறது. அங்குச் செய்தியைக் குறிக்கும் சொல் ‘நபஃ’. ஹூத் அத்தியாயத்தின் 120ஆவது வசனத்தில் இறைத்தூதர்களின் வரலாறுகளைக் குறிப்பதும் அச்சொல்லின் பன்மையே. அங்கு நோக்கம் உள்ளத்தை உறுதிப்படுத்துவது. ஒரு சொல்லுக்குள்ளேயே இரு கடமைகள் இருக்கின்றன. இதழியலுக்கும் இலக்கியத்திற்குமுள்ள வேறுபாட்டை, முன்னது ஒருநாள் வாழ்வது, பின்னது நிலைப்பது என்று சொல்லி முடித்துவிடுவோர் பலர். பழைய புத்தகக் கடைகளில் எடைக்குப் போகும் நாவல்களைக் கண்டவர்கள் இதை ஏற்கமாட்டார்கள்.

1978 ஜூலையில் விழுப்புரத்தில் நிகழ்ந்த சாதிக் கலவரத்தில் தலித்துகள் 12 பேர் கொல்லப்பட்டனர். இந்த வாக்கியத்தை எழுதும் செய்தியாளர் நாளுக்கும் இடத்திற்கும் எண்ணிக்கைக்கும் பொறுப்பாளி. 12 என்பது 11 ஆனால் அது பிழை. முஹத்திஸ்கள் அறிவிப்பாளர் வரிசையைத் துருவி ஆராய்ந்தது இத்தகைய பொறுப்புணர்வால்தான். ஆனால் ‘கலவரம்’ என்று மேலே நானே எழுதியிருக்கிறேன். இரு தரப்பாரும் சமமாக அடித்துக்கொண்டதுபோன்ற தோற்றத்தை அச்சொல் தருகிறது; மாண்ட 12 பேரும் ஒரே தரப்பினர். எண் சரியாயிருந்தும் சொல் பொய்யாகிவிடலாம். விழுப்புரத்துக்காரரான விழி. பா. இதயவேந்தன் ‘நந்தனார் தெரு’ முதலிய தொகுப்புகளில் தலித் மக்களின் வாழ்வைக் கதைகளாக்கியபோது, இத்தகைய பொதுச்சொற்களுக்கு அடியில் புதைந்துபோகும் மனிதர்களையே எழுதினார்.

அதனால் இலக்கியம் எப்போதும் ஆழமானது என்றாகிவிடாது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டதை அடிப்படையாகக் கொண்டு இந்திரா பார்த்தசாரதி எழுதிய ‘குருதிப்புனல்’ 1977ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி பரிசைப் பெற்றது. அதில் பண்ணையாரின் கொடுமைக்கு அவரது ஆண்மைக் குறைபாடு ஒரு காரணமாகிறது; கூலிப் போராட்டம் அந்த அளவுக்குப் பின்னுக்குப் போகிறது. நாவலாசிரியருக்கு மனத்தைக் கற்பனை செய்யும் உரிமை உண்டு என்பதை மறுக்கவில்லை. எனினும் வெண்மணியின் நினைவைத் தாங்கியே வாசகன் அந்நூலுக்குள் நுழைகிறான். செய்தியின் நம்பகத்தைக் கடனாகப் பெற்ற கதை, கொலைக்கான காரணத்தில் மட்டும் விடுதலை கோருவது எவ்வாறு பொருந்தும்? அறிவிப்பாளர் வரிசை சரியாயினும் மத்னில், அதாவது சொல்லப்பட்ட பொருளில், குறை காண்பது ஹதீஸ் கலையில் உண்டு. புனைகதைக்கும் அந்த உரைகல் வேண்டியிருக்கிறது.

இதற்கு நேர்மாறான நெருக்கடியைத் திண்டிவனத்தின் பக்கம் காண்கிறோம். 1993இல் விழுப்புரத்தையடுத்த அத்தியூரில் இருளர் பெண்ணொருவர் புதுச்சேரிக் காவலர்கள்மீது கூறிய பாலியல் வன்கொடுமைப் புகாருக்காகப் போராடியவர் திண்டிவனம் பேராசிரியர் பிரபா. கல்விமணி. இத்தகைய வழக்குகளில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவதைச் சட்டம் தடுக்கிறது, அது நியாயமும்கூட. ஆகவே செய்தியில் அவர் ‘இருளர் பெண்’ மட்டுமே. பெயரை மறைப்பதே அங்கு நேர்மை. கதையிலோ அவருக்கு ஒரு பெயர் வேண்டும்; அவரை அழைக்க ஒரு தாய் வேண்டும்; அஞ்சுவதற்கும் அஞ்சாதிருப்பதற்கும் அவருக்கென்று ஒரு மனம் வேண்டும். இவற்றையெல்லாம் புனைந்துகொள்ளலாம். யார்மீது புகார் எழுந்தது, அவர்கள் எந்த அதிகாரத்தின் சீருடையில் வந்தார்கள் என்பவற்றைப் புனைய முடியாது.