தேர்வு வழி, பதவி வழி

1952ஆம் ஆண்டில் சென்னையிலும் கொழும்பிலும் சமூகப்பணிக் கல்விக்கென்று ஊருக்கொரு நிறுவனம் தொடங்கப்பட்டது. சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் முன்னின்று தொடங்கிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் தன்னார்வ அமைப்பு ஒன்றின் முயற்சியாகப் பிறந்து, பல்கலைக்கழகத்தோடு இணைந்து, இன்று எழும்பூரில் தன்னாட்சிக் கல்லூரியாக இயங்குகிறது. கொழும்பில் தொடங்கியதை 1964இல் அரசு தன் கையில் எடுத்துக்கொண்டது. 1992இன் 41ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அது தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகத்தின் அங்கமாயிற்று. அங்கே இளமாணிப் பட்டம் வந்தது 2005இல், முதுமாணி 2008இல். மும்பையில் டாடா சமூக அறிவியல் நிறுவனம் 1936இலேயே பட்டமேற்படிப்பு மட்டத்தில் தொடங்கிவிட்டதை நினைத்தால் இடைவெளி புரியும்.

வயதில் ஒன்றான இந்த இரண்டு நிறுவனங்களில் ஒன்று கல்லூரியாகவும் மற்றது அரசாங்க நிறுவகமாகவும் வளர்ந்தது தற்செயலானது அல்ல. சமூகப்பணியிலும் சுகாதார ஆய்விலும் ஒருவர் மேலே படிக்க, ஆய்வு செய்ய, பயிற்சி பெற எங்கிருந்து பணம் வருகிறது என்ற கேள்விக்கு இரு நாடுகளும் சொல்லும் பதில் அதிலேயே அடங்கியிருக்கிறது. இந்தியா தேர்வெழுதியவருக்குப் பணம் தருகிறது. இலங்கை பதவியில் இருப்பவருக்குத் தருகிறது. இரண்டு முறையிலும், களத்தில் வீடு வீடாக ஏறி இறங்குபவர் வாசலுக்கு வெளியிலேயே நிற்கிறார்.

இந்திய வழியைப் பார்ப்போம். சமூகப்பணி முதுகலையான எம்.எஸ்.டபிள்யூ. முடித்த ஒருவர் யு.ஜி.சி. நெட் தேர்வில் சமூகப்பணிப் பாடத்தை எழுதலாம். ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முனைவர் ஆய்வின் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், அதன்பின் 42,000 ரூபாய். இது 2023 ஜனவரியிலிருந்து நடைமுறைக்கு வந்த தொகை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலான ஐ.சி.எம்.ஆரும் தனியாக ஜே.ஆர்.எஃப். தேர்வு நடத்துகிறது, அதில் சமூக அறிவியல் பிரிவும் உண்டு, சமூகப்பணி படித்தவர்களும் எழுதலாம். 1969இல் அமைந்த சமூக அறிவியல் ஆய்வுக் கவுன்சில், ஐ.சி.எஸ்.எஸ்.ஆர்., முனைவர் மாணவர்களுக்கு உதவித்தொகையும் ஆசிரியர்களுக்குச் சிறிய, பெரிய ஆய்வுத் திட்டங்களும் தருகிறது. 2008இல் இந்திய அரசின் உயிரித்தொழில்நுட்பத் துறையும் பிரிட்டனின் வெல்கம் டிரஸ்டும் சேர்ந்து தொடங்கிய இந்தியா அலையன்ஸ் பொதுச் சுகாதார ஆய்வுக்கும் ஃபெலோஷிப் வழங்குகிறது. பெங்களூரு நிம்ஹான்ஸில் உளநல சமூகப்பணிக்கென்றே தனித் துறை இருக்கிறது, 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் அந்தத் தொழிலுக்கு இடம் உண்டு.

இதன் பெருமை பெரிது. தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த முதல் தலைமுறைப் பட்டதாரிப் பெண், யாருடைய சிபாரிசும் இல்லாமல், ஒரு தேர்வை மட்டும் எழுதி ஐந்து ஆண்டு ஆய்வுக்கு மாதச் சம்பளம் போல ஒரு தொகை பெறலாம். இப்படி ஒரு வழி இலங்கையில் இல்லை. ஆனால் அந்த நெட் வினாத்தாளை எடுத்துப் பாருங்கள்: மொழிப் பாடங்களைத் தவிர மற்றவையெல்லாம் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே அச்சாகின்றன. தமிழ்வழியில் படித்து, தமிழிலேயே மக்களோடு பேசி வேலை செய்யப்போகும் ஒருவர், சமூகப்பணிக்கான தகுதியைக் காட்ட வேண்டிய இடத்தில் முதலில் தன் ஆங்கிலத்தைக் காட்ட வேண்டியிருக்கிறது. இந்திக்காரருக்கு இந்தச் சுமை இல்லை. இதை அநீதி என்றே சொல்வேன்.

அடுத்த இடறல் வேலையில் சேர்ந்த பிறகு வருகிறது. தமிழகத்தில் எம்.எஸ்.டபிள்யூ. படித்தவர்களில் பலர் போய்ச் சேரும் இடங்கள் மாவட்ட மனநலத் திட்டம், எச்.ஐ.வி. பரிசோதனை மையத்தில் ஆலோசகர் பணி, அல்லது ஏதேனும் ஒரு மருத்துவக் கல்லூரியில் ‘ப்ராஜெக்ட் ஸ்டாஃப்’. பெரும்பாலும் ஒப்பந்த வேலை. ஒப்பந்த ஊழியருக்குச் சம்பளத்தோடு படிப்பு விடுப்பு என்ற பேச்சே கிடையாது. அவர் தன் மையத்தில் தினமும் பார்க்கும் ஒரு சிக்கலை, உதாரணமாக மருந்தை நடுவில் விட்டுவிடும் நோயாளிகளைப் பற்றி, தானே ஆராய நினைத்தால் ஐ.சி.எம்.ஆரின் வெளித்திட்ட நிதிக்கு விண்ணப்பிக்க முடியாது. முதன்மை ஆய்வாளர் நிரந்தரப் பணியில் இருக்க வேண்டும் என்பது விதி. ஆக, பத்து வருடம் களத்தில் இருந்தவருக்குக் கேள்வி தெரியும், நிதி கேட்கும் உரிமை இல்லை. நிதி கேட்கும் உரிமையுள்ள பேராசிரியர், கேள்வியைப் பல நேரங்களில் வெளிநாட்டு ஆய்விதழிலிருந்து எடுக்கிறார்.

இலங்கைக்கு வருவோம். அங்கே ஆய்வுக்குச் செலவிடும் பணமே மிகக் குறைவு. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.1 சதவீதத்தைச் சுற்றியே அது பல ஆண்டுகளாக நிற்கிறது. 0.6 சதவீதத்தையொட்டி நிற்கும் இந்தியாவே போதவில்லை என்று அறிவியலாளர்கள் குறைப்படும்போது, இலங்கை ஆய்வாளர் எதைக் கொண்டு வேலை செய்கிறார் என்று யோசிக்க வேண்டும். தேசிய ஆராய்ச்சி சபை, தேசிய விஞ்ஞான மன்றம் ஆகிய இரண்டும் மானியம் தருகின்றன. முனைவர் மாணவர் பெரும்பாலும் மேற்பார்வையாளரின் மானியத்தில் ஆராய்ச்சி உதவியாளராகச் சேர்ந்து அந்தச் சம்பளத்தில் படிக்கிறார். சமூக விஞ்ஞானத்துக்கென 2005இல் அமைந்த என்.சி.ஏ.எஸ். நிலையத்தின் புலமைப்பரிசில் பல்கலைக்கழக விரிவுரையாளர்களை மனதில் வைத்தே உருவானது.

பதவி கிடைத்துவிட்டால் நிலைமை வேறு. நிரந்தர அரச உத்தியோகத்தருக்குத் தாபன விதிக்கோவை கற்கை விடுமுறை தருகிறது. பிணைமுறியில் கையொப்பமிட்டுவிட்டு, படித்து முடித்துத் திரும்பி வரலாம், வேலை காத்திருக்கும். பல்கலைக்கழக ஆசிரியருக்கும் அரச வைத்தியருக்கும் ஆய்வு செய்தால் அடிப்படைச் சம்பளத்தில் 35 சதவீதம் ஆய்வுப்படியாகக் கிடைக்க வழியிருக்கிறது. வைத்தியர்களுக்குப் பட்டப்பின்படிப்பு மருத்துவ நிறுவகம் இருக்கிறது. விசேட வைத்திய நிபுணராவதற்கு முன் வெளிநாட்டுப் பயிற்சியும் அந்த ஒழுங்கிலேயே சேர்ந்திருக்கிறது. சமுதாய மருத்துவத்தில் எம்.டி. செய்பவர் தன் ஆய்வுக்கட்டுரையை எழுதும் காலத்தில் சம்பளம் பெறுகிறார். இந்தியாவில் மருத்துவம் சாராத ஒரு ஒப்பந்த ஊழியர் கனவிலும் காணாத பாதுகாப்பு இது.

அந்தப் பாதுகாப்பின் எல்லை எங்கே முடிகிறது என்பதை வடக்கிலும் கிழக்கிலும் பார்த்தால் தெரியும். அங்கே உளசமூகப் பணி என்ற ஒன்றைக் கட்டியெழுப்பியவர்களில் மிகப் பலர் எந்த அரச பதவியிலும் இல்லை. உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரமும் அவரோடு யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களும் போர்க்காலத்திலேயே ஆசிரியர்களையும் கிராம அலுவலர்களையும் சுகாதாரப் பணியாளர்களையும் கூட்டிப் பயிற்சி கொடுத்து, ஊருக்குள்ளேயே முதலுதவியாக மனநலப் பணி செய்யும் ஆட்களை உருவாக்கினார்கள். சாந்திகம் போன்ற அமைப்புகள் அதை வருடக்கணக்கில் தாங்கின. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் பணம் வெள்ளமாக வந்தது. இளைஞர்களும் யுவதிகளும் சில வாரப் பயிற்சியோடு உளசமூக உத்தியோகத்தர்களாக நியமிக்கப்பட்டார்கள். திட்டம் முடிந்ததும் வேலையும் முடிந்தது. சிலர் அடுத்த திட்டத்துக்குப் போனார்கள், சிலர் கடைகளில் கணக்கெழுதப் போனார்கள். அவர்களுடைய பயிற்சிச் சான்றிதழ்கள் பட்டத்துக்கான புள்ளிகளாக எங்கும் எண்ணப்படவில்லை. ஒரு தலைமுறையின் களஅறிவு இப்படிச் சிதறிப்போனதை நினைக்கும்போது எனக்கு ஆறவில்லை.

வெளிநாட்டுப் பணத்துக்கு அரசு போடும் கதவு இரு நாட்டிலும் உண்டு. இலங்கையில் 2009க்குப் பின் வடமாகாணத்தில் வேலை செய்ய சனாதிபதி செயலணியின் அனுமதி தேவைப்பட்டது. வீதியும் வீடும் கட்டும் திட்டங்களுக்கு அது தடையில்லாமல் கிடைத்தது; உளசமூகப் பணி என்று எழுதிய விண்ணப்பங்கள் மாதக்கணக்கில் தேங்கின. மக்களின் துயரத்தைக் கேட்டு எழுதுவதையே சந்தேகத்தோடு பார்த்த காலம் அது. இந்தியாவில் அந்தக் கதவின் பெயர் எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம். பொதுச் சுகாதாரக் கல்வியில் முன்னணியில் நின்ற பப்ளிக் ஹெல்த் ஃபவுண்டேஷன் ஆஃப் இந்தியாவின் பதிவே 2017இல் ரத்தானது. 2020 திருத்தம், வெளிநாட்டு நிதி பெறும் அமைப்பு அதை இன்னொரு அமைப்புக்குப் பகிர்ந்து தருவதைத் தடுத்தது. சென்னையில் ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதத் தெரிந்த ஒரு பெரிய அமைப்பு நிதி வாங்கி, விழுப்புரத்திலோ ராமநாதபுரத்திலோ உள்ள ஒரு சிறிய அமைப்பைக் கூட்டுச்சேர்த்து ஆய்வு நடத்தியது அதுவரை சாதாரணம். அந்த வாய்க்கால் ஒரே திருத்தத்தில் அடைபட்டது.

உள்நாட்டுப் பெருநிறுவனப் பணம் அந்த இடத்தை நிரப்பும் என்று சிலர் சொன்னார்கள். 2013 கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிடச் சொல்கிறது. ஆனால் அந்தச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் ஆராய்ச்சி என்று வரும் இடத்தில் அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், மருத்துவம் ஆகியவைதான் இருக்கின்றன. சமூக அறிவியல் இல்லை. கண் பரிசோதனை முகாம் நடத்தலாம். முகாமுக்கு ஏன் பெண்கள் வரவில்லை என்று ஆராய அதே பணத்தை எடுப்பது கடினம்.

இந்தப் பணமெல்லாம் எட்டாத களப்பணியாளர் என்ன செய்கிறார் என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். ஆய்வு ஒப்புதல் படிவத்தை நீட்டியதும் வீட்டுக்கார அம்மாவின் கண் கையெழுத்துக் கோட்டுக்குப் போகும். “இதில கையெழுத்து வச்சா வீட்டுத்திட்டம் நிண்டுடுமோ பிள்ளை?” என்பது முல்லைத்தீவில் கேட்கும் கேள்வி. வேலூர்ப் பக்கம், “இதுல கையெழுத்துப் போட்டா ரேஷன் கார்டுல ஏதாவது ஆயிடுமா கண்ணு?” என்பார்கள். நெறிமுறைக் குழு ஒப்புதல் அளித்த இரண்டு பக்கப் படிவத்தில் இதற்குப் பதில் இருக்காது. பணியாளர்தான் திண்ணையில் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, பதில் சொல்கிறார். அம்மா வேண்டாம் என்றால் மனத்தாங்கல் இல்லாமல் எழுந்து வருகிறார். ஆய்வின் நம்பகத்தன்மை அந்த அரைமணி நேரத்தில்தான் உருவாகிறது. கட்டுரை அச்சாகும்போது அவர் பெயர் நன்றியுரையில் வந்தால் உண்டு.

ஆய்வு களப்பணியாளரின் உழைப்பில் நிற்பது புதிதும் அல்ல. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், வீட்டிலிருந்தபடி மருந்து சாப்பிட்டவர்களும் சானடோரியத்தில் கிடந்தவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமானதை நிறுவி, உலகம் முழுவதும் காசநோய்ச் சிகிச்சையின் போக்கையே மாற்றியது. ஐ.சி.எம்.ஆர்., சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்து நடத்திய வேலை. அன்றைய சென்னையின் நெருக்கடியான குடியிருப்புகளுக்குள் போய் மாத்திரையை எண்ணி, சிறுநீர் மாதிரி வாங்கி வந்தவர்கள் இல்லாமல் அந்த முடிவு இல்லை. 1959இல் வெளியான அந்தக் கட்டுரையில் ஆசிரியர் பெயருக்கான இடத்தில் மையத்தின் பெயரே நின்றது. பேராசிரியர் முதல் வீட்டுக்கு வந்தவர் வரை ஒரே பெயருக்குள் அடங்கினார்கள். அந்த வழக்கம் தொடர்ந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தொழில் அங்கீகாரத்தில் இந்தியா அண்மையில் ஒரு நல்ல அடி வைத்திருக்கிறது. 2021ஆம் ஆண்டு துணை மருத்துவத் தொழில்கள் ஆணையச் சட்டத்தின் பட்டியலில் மருத்துவ சமூகப் பணியாளரும் உளநல சமூகப் பணியாளரும் இடம்பெற்றுள்ளனர். சமூகப்பணி முழுவதற்குமான பதிவுச் சபை மட்டும் இரு நாட்டிலும் இல்லை. இலங்கை வைத்தியசாலைகளில் உளநல சமூகப் பணியாளர் பதவி இருக்கிறது, ஆனால் வைத்தியருக்கு உள்ளதுபோல் தொடர்ந்து மேலே ஏறும் படிக்கட்டு அவருக்கு இல்லை.

இரு நாட்டுக்கும் நடுவே பாலங்கள் இருக்கின்றன. 1964இல் தொடங்கிய இந்திய அரசின் ஐ.டி.ஈ.சி. பயிற்சித் திட்டத்தில் இலங்கை அரச உத்தியோகத்தர்கள் இந்திய நிறுவனங்களில் குறுகிய காலப் பயிற்சிக்கு வருகிறார்கள். விமானச் சீட்டு, தங்குமிடம், படிப்புச் செலவு எல்லாம் இந்தியா ஏற்கிறது. இந்தியக் கலாசார உறவுகள் கவுன்சிலான ஐ.சி.சி.ஆரின் புலமைப்பரிசில்களில் பட்டப்படிப்புக்கும் முதுமாணிக்கும் இடங்கள் உண்டு. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ சமூகப்பணி செய்பவர்கள் இவற்றைக் கவனமாகப் பார்க்க வேண்டும். சென்னை, வேலூர், பெங்களூரு மூன்றும் சுகாதாரச் சமூகப்பணிக்கு ஆசியாவின் நல்ல பள்ளிகளில் சேர்ந்தவை. எதிர்த்திசையிலும் போக்குவரத்து வேண்டும். 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதார அலகு முறையும், குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்து கர்ப்பிணியைப் பார்க்கும் ஒழுங்கும், நிரந்தரச் சம்பளம் பெறும் களப்பணியாளர் எவ்வளவு சாதிக்க முடியும் என்பதற்கு நம் பக்கத்திலேயே உள்ள சான்று. மதிப்பூதியத்தில் ஓடும் ஆஷா ஊழியர்களைக் கொண்ட இந்தியா அங்கே போய்ப் படிக்க வேண்டிய பாடம் நிறைய.

ஒரு ஜே.ஆர்.எஃப். மாணவருக்கு இந்திய அரசு ஆண்டுக்குத் தரும் உதவித்தொகை 4,44,000 ரூபாய். அதே தொகையை நான்காகப் பிரித்தால், களத்தில் ஐந்து ஆண்டு முடித்த நான்கு ஒப்பந்தப் பணியாளர்களுக்கு ஆளுக்கு 1,11,000 ரூபாய் கிடைக்கும். மூன்று மாதம் வேலையிலிருந்து விலகி நின்று, தாங்கள் கண்டதை ஒழுங்காகத் தொகுத்து, தமிழிலேயே ஆய்வறிக்கையாக எழுத அது போதும். விண்ணப்பமும் தமிழில் இருக்கட்டும். மதிப்பீட்டுக் குழுவில் பாதிப்பேர் களப்பணியாளர்களாக இருக்கட்டும். நிரந்தரப் பதவி என்ற நிபந்தனை வேண்டாம். எழும்பூரில் அந்தக் கல்லூரியும் யாழ்ப்பாணத்தில் மருத்துவபீடமும் மேற்பார்வையை ஏற்றுக்கொண்டால், இதற்குப் புதுச் சட்டம் தேவைப்படாது. இரண்டு நிறுவனங்களின் கல்விச் சபைகளும் அடுத்த கூட்டத்திலேயே எடுத்துப் பேசக்கூடிய அளவுக்குச் சிறிய கோரிக்கை இது.